பதினேழாம் நாள்: காரியம் முடிந்த வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, சாவு நடந்த வீடுகளுக்கு ஒரு மாதம் கழித்துப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ், ஒருவர் பள்ளிக்கூட டீச்சர். எங்களில் டாக்டர் யாரும் கிடையாது. திண்ணையிலும் டீக்கடையிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை எழுதிவைத்திருக்கிறேன். பதில்களில் பாதி படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டது, மீதி பட்டுத் தெரிந்தது.

பதினாறாம் நாள் வரைக்கும் திடமா இருந்தேன். எல்லாரும் ஊருக்குப் போனதுக்கு அப்புறம்தான் தாங்க முடியலை. இது என்ன கோளாறு?

கோளாறு ஒன்றும் இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் நாங்கள் ஒரு மாதம் கழித்துப் போகிறோம்.

நம் ஊர்ச் சாவு வீட்டை யோசித்துப் பாருங்கள். ஐஸ் பெட்டி வர வேண்டும், பந்தல் போட வேண்டும், பறைக்காரருக்குச் சொல்ல வேண்டும், சம்பந்தி வீட்டார் வரும்வரை எடுக்கக் கூடாது. அப்புறம் பால் தெளிப்பது, எட்டாம் நாள் படையல், கருமாதிப் பத்திரிகை, ஐயருக்குச் சொல்வது, சமையலுக்குச் சொல்வது. துக்கப்பட நேரமே கிடையாது. துக்கத்தைத் தள்ளிப்போட நம் முன்னோர் செய்த ஏற்பாடு இது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகப் படுகிறது. பதினாறு நாளும் ஒரு ஆளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள், சரி. ஆனால் பதினேழாம் நாள் காலையில் பந்தல்காரன் வந்து நாற்காலியை அடுக்கிக்கொண்டு போய்விடுவான். வீட்டில் நீங்களும் மாலை போட்ட படமும்தான். மனசுக்கு அன்றைக்குத்தான் முதல் நாள்.

அதனால் "பதினாறு முடிஞ்சும் அழுதுக்கிட்டே இருக்காங்களே" என்று யாராவது சொன்னால், முடிந்தது சடங்கு மட்டும்தான் என்று சொல்லுங்கள்.

எனக்கு அழுகையே வரலை. கல் நெஞ்சுக்காரன்னு பேசறாங்க.

கொள்ளி வைத்துவிட்டு வந்து, பாடைக்கு எவ்வளவு ஆச்சு, வேனுக்கு எவ்வளவு ஆச்சு என்று நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆள் நான். பெரியம்மா ஒருத்தி என் காதுபடவே, "பெத்த புள்ளைக்குக் கண்ணுல தண்ணி வருதா பாரு" என்றாள்.

அப்பாவுக்கு நெத்திலி என்றால் உயிர். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அம்மா, அவருக்கென்று ஒரு கூறு ஒதுக்கிவைத்து வாசலில் வந்து குரல் கொடுப்பார். அப்பா போனபோது அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் செய்தி தெரியாது. நாலாவது வாரம் வழக்கம்போல வந்து, "அண்ணே, இன்னைக்கு நல்லா வந்திருக்கு" என்று கூப்பிட்டார். நான் போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அன்னக்கூடையை அப்படியே தரையில் இறக்கினார். தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் தெருவென்றும் பார்க்காமல், "நெத்திலி ஒதுக்கி வச்சேனே, நீ வாசல் வந்து கேப்பேன்னு" என்று ராகம் போட்டு அழ ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிமிஷம் இருக்கும். எனக்கு அங்கேதான் உடைந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. அவர்தான் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "போ தம்பி, உள்ள போய்ப் படு" என்றார். அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

அழுகை எப்போது, எதனால் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு வராமலே போகலாம். கோபமாக வரும், தூக்கமின்மையாக வரும், ஓயாமல் வேலை செய்வதாக வரும். அதுவும் துக்கம்தான். இன்னொன்று: ஒப்பாரியைக் கேலி பேசுகிற தலைமுறை ஆகிவிட்டோம். நாலு பெண்கள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து, செத்தவரின் குணத்தையும் குறையையும் சொல்லி அழுவது எவ்வளவு பெரிய மருந்து என்று எனக்கு அந்தக் கேட்டு வாசலில்தான் புரிந்தது.

துக்கத்துக்கு அஞ்சு கட்டம் உண்டாமே? நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் விஷயம் இது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று வரிசையாகச் சொல்வார்கள். இதைச் சொன்னவர் எலிசபெத் கூப்லர் ராஸ் என்ற மனநல மருத்துவர், 1969-ல். அவர் பேசிப் பார்த்தது தீராத நோயில் தங்கள் சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்களிடம். இழந்து நிற்கும் குடும்பத்தாருக்கு அது பிறகுதான் ஒட்டவைக்கப்பட்டது. படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக ஏறி முடிக்க வேண்டும் என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

எனக்குப் பொருத்தமாகப் பட்டது வேறு ஒன்று. ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 1999-ல் எழுதியது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வருவார் என்கிறார்கள். காலையில் பேங்க்கில் நின்று கையெழுத்துப் போடுவார், கேஸ் புக் பண்ணுவார், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவார். மதியம் பீரோவைத் திறந்தால் சட்டையில் வாசனை அடிக்கும், உட்கார்ந்துவிடுவார். இரண்டும் வேண்டும். நாள் முழுக்க அழுதாலும் உடம்பு தாங்காது. நாள் முழுக்க வேலையில் ஒளிந்துகொண்டாலும் ஒருநாள் பிடித்துவிடும். டிவியில் ஏதோ நகைச்சுவை பார்த்துச் சிரித்துவிட்டு, "ஐயோ, சிரிச்சுட்டோமே" என்று குற்ற உணர்ச்சியில் தவித்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். சிரித்தது தப்பில்லை அக்கா.

ராத்திரியில அவர் செருமுற சத்தம் கேக்குது. எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?

இல்லை. வேல்ஸ் நாட்டில் ஒரு குடும்ப மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் எழுதினார். ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்திருக்கிறார்கள். சிலர் குரல் கேட்டிருக்கிறார்கள், சிலர் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதுவரை ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது.

இதைச் சொன்னவுடன் மந்திரிக்கவும் கழிப்பு எடுக்கவும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். செலவுதான். ஆனால் அந்தக் குரல் "நீயும் வந்துடு" என்று கூப்பிடுவதுபோல இருந்தால், அல்லது திட்டி ஆணையிடுவதுபோல இருந்தால், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நெஞ்சு அடைக்குது, பசி இல்லை. இதுவும் துக்கம்தானா?

பசியின்மை, தூக்கம் கெடுவது, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல இருப்பது, மறதி எல்லாம் சகஜம். கடைக்கு வந்து எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சுவலி மட்டும் வேறு கதை. பெரிய அதிர்ச்சியில் இதயத்தின் கீழ்ப்பகுதி பலூன் போல உப்பி, அச்சு அசலாக மாரடைப்பு மாதிரியே காட்டும் ஒரு நோய் உண்டு. 1990-ல் ஜப்பான் டாக்டர்கள் இதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ் பிடிக்கிற பானை என்று அர்த்தம். உப்பிய இதயம் படத்தில் அந்தப் பானை மாதிரித் தெரியுமாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. உண்மையான மாரடைப்பா, இதுவா என்பதை ஆஸ்பத்திரியில்தான் சொல்ல முடியும். "அழுது அழுது நெஞ்சு வலிக்குது, சோடா குடி" என்று வீட்டிலேயே வைத்தியம் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையைச் சாவு வீட்டில் மறந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது அதை ஞாபகப்படுத்தினாலே பெரிய உதவி.

எவ்வளவு நாள் இப்படி இருக்கும்? எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

நாள் கணக்குச் சொல்பவரை நம்பாதீர்கள். பெரும்பாலோருக்கு மருந்தும் வேண்டாம், ஆலோசகரும் வேண்டாம். ஆள் துணை இருந்தால், மாதங்கள் போகப் போக அடுத்தடுத்த அழுகைக்கு நடுவே இடைவெளி கூடும்.

சிலருக்குக் கூடுவதில்லை. நீடித்த துக்கம் என்று அதற்குத் தனிப்பெயரே கொடுத்திருக்கிறார்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், அவரவர் ஊர் வழக்கத்தையும் மிஞ்சி, அன்றாட வாழ்க்கையே நடக்கவிடாமல் இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும் என்று இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கணக்கு, பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். "அவரவர் ஊர் வழக்கம்" என்று போட்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லாத நிலைமைகளும் உண்டு: சாக வேண்டும் என்ற எண்ணம், சாப்பிடாமல் எழுந்திருக்காமல் கிடப்பது, பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போவது, தினம் குடிப்பது. இதில் எது இருந்தாலும் உடனே போங்கள். புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரிலும், ஊருக்குள் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூர்ப் பக்கம் அரசு தலைமை மருத்துவமனை. சிதம்பரத்துக்காரர்களுக்கு அங்கேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

"மனநலப் பிரிவுன்னு போர்டு போட்டிருக்கே, யாராவது பார்த்தா?" என்று கேட்பவர்களோடு எங்கள் நர்ஸ் அக்கா கூடவே போவார். யாராவது பார்த்தால், தனக்குத்தான் வந்ததாகச் சொல்லிவிடுவார்.

கடலுக்குப் போனவர் திரும்பலை. உடம்பும் கிடைக்கலை. காரியம் செய்யலாமா?

இதற்கு எனக்கு நேரான பதில் இல்லை. சோனாங்குப்பம், தாழங்குடா மாதிரி ஊர்களில் இந்தக் கேள்வியோடு வருஷக்கணக்காக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் போனார்கள். கடலில் காணாமல் போனவர் வீட்டில் பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா, தாலி என்ன ஆவது, சமையல் எத்தனை பேருக்கு என்று ஒவ்வொன்றும் வதைக்கும். அழுதால் அவரைச் சாகடித்ததுபோல, அழாவிட்டால் தன்னையே ஏமாற்றுவதுபோல. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைத் தெளிவில்லாத இழப்பு என்கிறார். முடிவு தெரியாததுதான் இங்கே நோய், அந்தப் பெண்ணிடம் குறை எதுவும் இல்லை என்பது அவர் வாதம்.

சட்டம் பொதுவாக ஏழு வருஷம் தகவலே இல்லாவிட்டால் இறந்ததாக எடுத்துக்கொள்ளும். குடும்பம் அதுவரை காத்திருந்துதான் துக்கப்பட வேண்டும் என்று இல்லை. ஒரு வீட்டில் கருமாதி செய்யாமல், வருஷா வருஷம் அவர் கடலுக்குப் போன தேதியில் கரையில் பாலும் பூவும் விடுகிறார்கள். கேட்பவர்களுக்கு, "வந்தா வரட்டும், வரலைன்னா போய்ச் சேரட்டும்" என்கிறார் அவர் அம்மா. எனக்கு அது சரியாகப் பட்டது.

ஒன்று மட்டும்: உறவினர்கள் ஆளாளுக்கு ஒரு ஜோசியரிடம் கேட்டுக்கொண்டு வந்து, "உயிரோட இருக்காராம்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்வதை நிறுத்துங்கள்.

பாட்டி போனதைக் குழந்தைகிட்ட எப்படிச் சொல்றது?

"செத்துட்டாங்க" என்று சொல்ல வேண்டும். வாய் வராது, ஆனாலும் சொல்ல வேண்டும். "தூங்கறாங்க" என்று சொன்னால் பிள்ளை ராத்திரி தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால், சொல்லாமல் போய்விட்டார்களே என்று கோபப்படும், பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கும். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வலிக்காது, பசிக்காது, திரும்பி வர முடியாது என்று சின்ன வார்த்தைகளில் சொன்னால் ஐந்து வயசுக்கே புரியும். திரும்பத் திரும்பக் கேட்கும். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "நான் சண்டை போட்டதாலதான் செத்தாங்களா?" என்ற கேள்வியை மனசுக்குள்ளேயே வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய என்பார் எங்கள் டீச்சர். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: உன்னால் இல்லை.

நெய்ப்பந்தம் பிடிக்க வைக்கலாமா என்றால், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, பிள்ளைக்கு இஷ்டம் என்றால் மட்டும். இழுத்துக்கொண்டு போய் நிறுத்தக் கூடாது.

துக்கம் கேட்கப் போறேன். என்ன பேசறதுன்னே தெரியலை.

பேசாமலே உட்காரலாம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவது நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிற நல்ல வழக்கம். அதற்கு மேல் பேசப் போய்த்தான் கெடுக்கிறோம். "வயசாயிடுச்சு, கல்யாணச் சாவு", "நல்லவேளை, இழுத்துக்கிட்டுக் கிடக்கலை", "இன்னொரு புள்ளை இருக்கே", "எந்த ஆஸ்பத்திரி? ஐயோ, அங்கயா சேர்த்தீங்க?" இந்த நாலையும் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போங்கள். கடைசியில் சொன்னதுதான் மோசம். அதைக் கேட்ட மகன் மூன்று வருஷம் தூங்க மாட்டான்.

செத்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் உங்களுக்குச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். அந்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்க ஏங்கிக்கொண்டிருப்பார்கள்.

"எதுனா வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்லப்போவதில்லை. இட்லி மாவு ஒரு டப்பா, கரண்ட் பில் கட்டுவது, பிள்ளையை ஸ்கூலில் விடுவது என்று ஏதாவது ஒன்றை நீங்களே எடுத்துச் செய்யுங்கள். அதுவும் முதல் வாரம் வேண்டாம். அப்போது சோறு மிஞ்சிப்போய்க் கிடக்கும். இருபதாம் நாள் கொண்டுபோங்கள்.

அவர் போன பிறகு என்னை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடறதில்லை. இதையும் துக்கம்னு தாங்கிக்கணுமா?

தாங்கிக்கொள்ளக் கூடாது. கணவனை இழந்த பெண்ணுக்கு இது இரண்டாவது அடி, மனுஷர்கள் கொடுப்பது. வளைகாப்பில் பின்வரிசை, எதிரே வந்தால் சகுனம், நெற்றியைப் பார்த்து முகம் சுளிப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. பொட்டும் பூவும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உங்களுடையவை. வைக்க மனசிருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம், முடிவு உங்களுடையது. பரங்கிப்பேட்டையில் ஒரு அம்மாவிடம் பேசியபோது, இத்தா, அதாவது கணவர் இறந்தபின் முஸ்லிம் பெண்கள் வீட்டோடு இருக்கும் காலம், அந்த நாலு மாதம் பத்து நாளும் தன்னை யாரும் எதற்கும் வெளியே இழுக்காதது ஆறுதலாக இருந்தது என்றார். அதற்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார்.

வீட்டுக்கு வீடு ஒரு பெண் முன்வந்து, தன் மகள் கல்யாணத்தில் அக்காவைக் கையைப் பிடித்து மேடையேற்றினால் போதும். பேச்சு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். நடந்து பார்த்திருக்கிறேன்.

சரக்கு போட்டாத்தான் தூக்கம் வருது.

நம் பக்கத்தில் இது பெரிய தொல்லை. கன்னியக்கோயில் தாண்டினால் புதுச்சேரி விலை, சாவு வீட்டிலேயே முதல் ரவுண்டு ஆரம்பித்துவிடும். குடித்தால் தூக்கம் வருவதுபோல இருக்கும், மூன்று மணிக்கு எழுப்பிவிடும், அதற்குப் பிறகுதான் நரகம். ஆம்பளை அழக் கூடாது என்று சொல்லி வளர்த்துவிட்டு, அழுவதற்குப் பதிலாகக் கையில் கிளாஸைக் கொடுக்கிறோம். ஒரு மாதமாகத் தினமும் என்றால் தனியாக நிறுத்தப் பார்க்காதீர்கள், திடீரென்று விட்டாலும் உடம்பு உதறும். டாக்டரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள்.

தம்பி தானே முடிச்சுக்கிட்டான். வெளியில நெஞ்சுவலின்னு சொல்லியிருக்கோம்.

ஊருக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் வீட்டுக்குள் ஒருவரிடமாவது உண்மையைப் பேச வழி இருக்க வேண்டும். "அன்னைக்கு ஃபோனை எடுத்திருந்தா" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டே ஆயிரம் ராத்திரி ஓட்டுவார்கள். ஒரு ஃபோனால் வந்த சாவு இல்லை அது. நோய், கடன், அவமானம், குடி என்று பலதும் சேர்ந்து ஒரு நிமிஷத்தில் ஒருவரை மூழ்கடித்தது. இப்படிப்பட்ட வீட்டில் மற்றவர்களுக்கும் அந்த எண்ணம் வரலாம். "உனக்கும் செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டதால் யாருக்கும் புதிதாகத் தோன்றாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து 14416-க்கு நீங்களே ஃபோன் போட்டுப் பேசக் கொடுங்கள்.

அழறதா, ஆபீஸ் ஆபீஸா அலையறதா?

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் என்றால் நாம்தான் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ, கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமோ சொல்ல வேண்டும். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருஷம் தாண்டினால் மேலதிகாரி உத்தரவு வரை போகும். பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். என் அப்பா சான்றிதழில் ஒரு எழுத்து மாறி, அதைத் திருத்த நான் அலைந்தது ஒன்பது தடவை. வாரிசுச் சான்று தாசில்தாரிடம் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கூடவே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். "இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கவுண்ட்டரில் கேட்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும், பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

முதல் தீபாவளி வருது. நினைச்சாலே பயமா இருக்கு.

பண்டிகை கிடையாது என்று நம் வழக்கமே விட்டுவிடுவதால் ஒரு வகையில் வசதி. பிறந்தநாள், கல்யாண நாள், ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் இதெல்லாம் சொல்லாமல் வந்து அடிக்கும். காலண்டரில் முன்னாலேயே குறித்துவைத்து, அன்றைக்குத் தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்குச் சில்வர் பீச்சில் தர்ப்பணம் கொடுக்க நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள், கல்லறைத் திருநாளான நவம்பர் 2-ல் புதுச்சேரி உப்பளம் கல்லறையில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். மறந்துவிடு என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை அங்கே.

அவங்க துணிமணியை எப்போ எடுக்கறது?

எடுக்கத் தோன்றும்போது. அதற்கு முன்னால் உறவினர் யாராவது பீரோவைக் காலி செய்ய வந்தால் தடுங்கள். எல்லாவற்றையும் கொடுக்கவும் வேண்டாம்.

அப்பா போய் இரண்டு மாதம் கழித்து, திருப்பாதிரிப்புலியூரில் செருப்புத் தைக்கும் பெரியவர் என்னைப் பார்த்துக் கூப்பிட்டு ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். வார் அறுந்து அப்பா தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமல் விட்டது. முப்பது ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். எனக்கு ஒரு சைஸ் பெரிசு. கடையில் கல்லாவுக்கு அடியில் கிடக்கிறது. மழை நாளில் போட்டுக்கொள்வேன்.